மாமாவின் துண்டுக்குச் செய்த காரியம்

மாமா இறந்துவிட்டார் என்பதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மனிதன் பொய் சொன்னாலும் வண்ணான் குறி பொய் சொல்லாது என்று நம்பிய காலம் அது. சேராங்கொட்டைப் பாலால் துணியின் ஓரத்தில் இடும் அந்தச் சிறு அடையாளம் எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் அழியாது. திருநெல்வேலியில் எங்கள் தெருவுக்கு வெளுத்தவர், எங்கள் வீட்டுக்கென்று ஒரு கோடும் அதன் தலைமாட்டில் இரண்டு புள்ளிகளும் கொடுத்திருந்தார். ஆற்றுப் பாலத்துக்குக் கீழே நாணற்புதரில் ஒதுங்கிய ஓர் உடலின் கையில் சுற்றியிருந்த துண்டில் அந்தக் கோடும் புள்ளிகளும் இருந்தன. முகம் அடையாளம் சொல்லும் நிலையில் இல்லை. துண்டைப் பார்த்து அப்பா நம்பினார். அப்பா நம்பியதை ஊர் நம்பியது.

சுதேசித் தலைவர்களைப் பிடித்து அடைத்துவிட்டார்கள் என்ற செய்தி ஊருக்குள் வந்த பங்குனி அது. கடைகள் அடைபட்டன. பள்ளிக்கூடத்துப் பையன்கள் தெருவில் இறங்கினார்கள். கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். மண்ணெண்ணெய்க் கிடங்கு பற்றிக்கொண்டு, அதன் கரிய புகை நெல்லையப்பர் கோபுரத்துக்கும் மேலே எழுந்து நின்றது. பிறகு போலீசார் சுட்டார்கள். அன்று காலையில் கஞ்சி குடித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போன மாமா திரும்பி வரவில்லை.

மாமா என்றது அப்பாவின் தங்கையான என் அத்தையின் கணவரை. தாய் தந்தை இல்லாதவர். பிள்ளைகளும் இல்லை. ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு அத்தையோடு எங்கள் வீட்டிலேயே இருந்தார். தேசபக்தி அவருக்கு ஒரு காய்ச்சலைப் போல வந்தது. காய்ச்சல் அவருக்கு, பத்தியம் எங்களுக்கு. சீமைச் சர்க்கரை நின்றது. சீமைத் துணி நின்றது. கண்ணாடி வளையல் கூடாது என்று என் கையிலிருந்ததையும் கழற்றச் சொன்னார். ஒன்பது வயதுப் பெண்ணின் வளையலால் ஒரு சாம்ராஜ்யம் எப்படி நிலைக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இன்றுவரையும் முழுவதாக விளங்கவில்லை. அப்பாவோ தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. பகலெல்லாம் சர்க்காருக்கு எழுதிவிட்டு, மாலையில் சர்க்காரை வைகிற மைத்துனரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர்.

உடலை மூடியே கொண்டுவந்தார்கள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அத்தை அவற்றைப் பற்றிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சட்டென்று நிமிர்ந்து, "கால் பெருசா இருக்கே மதினி" என்றாள். அம்மா அவள் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, "தண்ணியில ஊறுனா அப்படித்தான் இருக்கும், தாயி" என்றாள். வேறு யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் ஆறு வயதுத் தம்பியின் தலையை மழித்து, அவன் கையால் கொள்ளி வைக்கச் செய்தார்கள். பதினாறாம் நாள் அத்தையின் தாலியை வாங்கினார்கள். அவள் வெள்ளைச் சேலைக்குப் போனாள். மாமாவைத் தேடி இரண்டு முறை வந்து நெற்குதிருக்குள்கூடக் கிளறிவிட்டுப் போன போலீசார், அதன்பின் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. செத்தவனைத் தேட எங்களுக்கு ஆள் இல்லை என்று ஏட்டையா தெருவில் நின்று சொன்னாராம்.

ஆனியில் நெல்லையப்பருக்குக் கொடியேறியது. ஊரில் புதிதாக வந்து தங்கியிருந்த போலீசையும் மீறி, சுற்றுப்பட்டிலிருந்து கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தோடு, ஒரு நண்பகலில், எங்கள் கொல்லைப்புற வாசல் வழியே மாமா வந்து நின்றார். தாடி வைத்திருந்தார். முன்னைவிடச் சதை போட்டிருந்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இறந்தவர் பருத்துத் திரும்புவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மலைதாண்டித் திருவிதாங்கூர்ச் சீமைக்குப் போய்க் கொல்லத்தில் ஒரு கொப்பரைக் கடையில் இருந்தாராம்.

மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அத்தை அவரைப் பார்த்தாள். கையிலிருந்த தவிட்டைப் பைய உதறிவிட்டு, அவருடைய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்தார்.

"என்னளா கோலம் இது? யாரு செத்தா?"

"நீங்கதான்" என்றாள் அத்தை.

அதன்பின் நடந்தவற்றை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. உயிரோடு ஒரு மனிதர் திரும்பி வந்திருக்கிறார், அவரை வாவென்று சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கு நா எழவில்லை. காரியம் முடிந்தவர் தலைவாசல் வழியே வீட்டுக்குள் வரக்கூடாது என்பது மட்டும் அப்பாவுக்கு உடனே நினைவுக்கு வந்தது. மாமாவைத் தொழுவத்தில் உட்கார வைத்து, இலை போட்டு, அங்கேயே சோறு போட்டார்கள். ஒரு பக்கம் காளை, மறுபக்கம் மாமா.

"யாரைக் கேட்டு வே எனக்குக் காரியம் பண்ணீரு?" என்றார் மாமா, சோற்றைப் பிசைந்தபடி.

"செத்தவனைக் கேட்டா காரியம் பண்ணுவாங்க, மாப்பிள? ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா?"

"சொல்லியனுப்பினா நீரே கச்சேரியில போய் ஒப்பிச்சிருப்பீரே."

"நான் ஒப்பிக்கணும்னா இப்பமும் ஒப்பிக்கலாம். குரலைத் தாழ்த்தும். செத்தவரு இம்புட்டுச் சத்தம் போடக்கூடாது."

மறுநாள் அப்பா புரோகிதரிடம் போனார். விஷயத்தைச் சொல்லாமல், காசிக்குப் போனவர் ஒருவரை இறந்ததாக நினைத்துக் கருமம் செய்தபின் அவர் திரும்பி வந்தால் என்ன முறை என்று, ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டாராம். புரோகிதர் சாவதானமாகச் சொன்னார். அவர் மறுபடி பிறக்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் நெய்யும் நீரும் விட்டு, அதற்குள் கர்ப்பத்தில் இருப்பதுபோல் கைகால் மடக்கி உட்கார்ந்து வெளியே வர வேண்டும். பிறகு பேரிட்டு, காது குத்தி, முறைப்படி எல்லாம் செய்து, சொந்த மனைவிக்கே மறுபடி தாலி கட்ட வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அப்பா எழுந்திருக்கும்போது, "மாப்பிள்ளை சௌக்கியமா?" என்றும் கேட்டாராம்.

அப்பா வியர்த்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

"நான் சாகவே இல்ல. பொறவு எதுக்குப் பொறக்கணும்?" என்று மாமா முரண்டு பிடித்தார்.

"நெல் அவிக்கிற அண்டாதான் பெருசு" என்று அப்பா யோசித்தார்.

"அதுல இவுகள உக்கார வச்சிட்டுப் பொறவு நான் என்னத்த அவிக்க?" என்றாள் அம்மா. "மொதல்ல அவளக் கேட்டியளா? தாலியப் பறிச்சதும் நீங்க, கட்டுறதுக்குப் பேசுறதும் நீங்க. அவ ஒருத்தி அங்கன நிக்காளே."

ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு ஆண்களும் அண்டாவின் வாயளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்தப் பேச்சு முழுவதும் இனித்தது. பெரியவர் ஒருவர் பிறப்பதையும் காது குத்திக்கொள்வதையும் பார்க்கலாம். அதன்பின் ஒரு கல்யாணம். கல்யாணமென்றால் எனக்குப் பட்டுப்பாவாடை. மாமா திருந்தியிருந்தால் கண்ணாடி வளையலும் உண்டு. சேதி வெளியே தெரிந்தால் மாமாவுக்குச் சிறை, அப்பாவுக்கு வேலை போகும் என்ற கணக்கெல்லாம் என் பாவாடைக்கு முன்னால் நிற்கவில்லை.

அப்போதுதான் அத்தை, தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பேச்சில் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"அப்ப அது யாரு?"

"எது?"

"தம்பி கொள்ளி வச்சானே, அது."

மாமா கழுநீர்த்தொட்டியைப் பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சுட்டபோது எல்லாரும் ஓடினார்கள். ஆற்றுப்பக்கம் ஓடுகையில் பக்கத்தில் ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும். கையில் குண்டு உரசி ரத்தம் கொட்டியது. மாமா தன் துண்டை எடுத்து அவன் கையில் இறுக்கிச் சுற்றினார். மணல் தாண்டித் தண்ணீரில் இறங்கும் இடத்தில் அவனுக்குக் கால் தளர்ந்தது.

"நீங்க போங்க அண்ணாச்சி, நான் பைய வாரேன்னான். நான் வந்துட்டேன்."

"பேரு?"

"கேக்கல."

"எந்தூரு?"

"அந்த நேரத்துல யாரு ஊரு கேட்டா?"

அத்தை மாமாவை விட்டுவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, துண்டுல நம்ம குறி இருந்திச்சு. வேட்டியில என்ன குறி இருந்திச்சு?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. காளை வாலைச் சுழற்றி ஈ விரட்டியது. தேருக்கு வடம் பிடித்துச் சரிபார்க்கும் ஆட்களின் சத்தம் ரதவீதியிலிருந்து வந்தது. கடைசியில், "பாக்கல" என்றார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. அந்தப் பையனின் வேட்டி ஓரத்திலும் ஒன்று இருந்திருக்கும். அதை எந்த ஊர் வெளுப்பவரிடம் காட்டினாலும், இன்ன தெரு, இன்ன வீடு என்று விசாரித்துச் சொல்லியிருப்பார்கள். அது குறுக்குத்துறைச் சுடலையில் தம்பி வைத்த தீயில் அவனோடு சேர்ந்து எரிந்துபோயிற்று.

"அந்தப் பிள்ளைக்குத் தலைத்திவசம் கழியாம நான் மஞ்சக்கயிறு கட்டமாட்டேன்" என்றாள் அத்தை.

மாமா குதித்தார். "புருசன் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். எவனுக்கோ நீ விதவையா இருப்பியோ?"

"எவனுக்கோன்னு தெரியாமத்தானே பொட்டை அழிச்சாங்க. அவனுக்கு அழ வேற யாரு இருக்கா இங்கன?"

அப்பா சாத்திரம் பேசினார். மாமா தேசம் பேசினார். அம்மா அண்டாவைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் பழைய இடத்தில் கவிழ்த்தாள். பேச்சு அதோடு முடிந்தது. தேரோட்டத்தன்று, வடம்பிடிக்க வந்த ஆயிரம் பேரில் ஒருவராக, பிறக்காமலேயே மாமா ஊரைவிட்டுப் போனார். நான் அத்தையோடு இரண்டு வாரம் பேசவில்லை. எவனோ ஒருவனுக்காக என் பட்டுப்பாவாடையைக் கெடுத்தவள் அவள்.

மறு பங்குனியில் தலைத்திவசம் நடந்தது. என்ன பெயர் சொல்வது என்று புரோகிதர் கேட்டார். தெரியாது என்றாள் அத்தை. அவர் சலித்துக்கொண்டு, பேர் தெரியாதவனுக்கும் எள்ளும் தண்ணீரும் உண்டு என்று சொல்லித் தம்பியின் கையில் தர்ப்பையைப் போட்டார். அதன்பின் அப்பா, நீத்தார் கடனுக்குக் குமரிக்குக் கூட்டிப்போவதாகத் தெருவில் சொல்லிவிட்டு, அத்தையைக் கொல்லத்தில் கொண்டுபோய் விட்டுவந்தார். அங்கே ஒரு சிறிய கோயிலில் மாமா தாலி கட்டியதாக அப்பா சொன்னார். எங்களில் வேறு யாரும் பார்க்கவில்லை.

அத்தை எங்கள் ஊருக்குச் சாகும்வரை விதவைதான். ஆண்டுதோறும் பங்குனியில் ரயிலேறி வருவாள். செங்கோட்டையில் பொட்டை அழித்துத் தாலியைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வாள். திரும்பும்போது அதே நிலையத்தில் பொட்டு வைத்துக்கொள்வாள். மாமாவின் வழக்கையெல்லாம் ஊர் மறந்து, வேறு ராஜ்யம் வந்த பிறகும், அவள் அந்த ஒழுங்கை மாற்றவில்லை. குறுக்குத்துறைப் படியில் தம்பி எள்ளும் நீரும் இறைப்பான். அவள் மேற்படியில் நின்று, ஆறு கிழக்கே போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தத் திசையில் ஏதோ ஒரு வீட்டில், பைய வருவான் என்று ஒருவனுக்குச் சோறு எடுத்து வைத்திருப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. "பாக்கல" என்ற அந்தச் சிறு சொல்லைச் சொல்ல அப்பாவுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்பதும் தோன்றவில்லை. தோன்றிய வயதில் கேட்பதற்கு அப்பா இல்லை.

மாமா கொல்லத்திலேயே இரண்டாம் முறையாக இறந்தார். இந்த முறை முகம் பார்த்துக் கொள்ளி வைத்தோம். பிறகு அத்தை போனாள், அம்மா போனாள், சென்ற ஆண்டு தம்பியும் போய்விட்டான். பெண் கை எள்ளிறைக்கும் வழக்கம் எங்களில் இல்லை. ஆகவே இந்தப் பங்குனியில் குறுக்குத்துறைப் படியில் சும்மா போய் நின்றுவிட்டு வந்தேன். அவனுக்கு இந்த ஊரில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.