தஞ்சாவூரில் செருப்புக் காவல்

டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன் எல்லா ஊரையும் பார்த்தவன் என்று சவாரி வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அவன் பார்த்ததெல்லாம் அந்தந்த ஊரில் வண்டி நிறுத்துகிற இடம்தான். இந்தத் தொழிலில் என்னை முதன்முதலில் ஏமாற்றியவர் கோலியனூர் தட்சிணாமூர்த்தி. பெயரைச் சொல்ல எனக்குப் பயமில்லை. அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

எனக்குத் திண்டிவனம். அஞ்சாவதோடு படிப்பு முடிந்தது. சுற்றுவட்டார ஜனங்களை விடியுமுன்னே ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போய், பெரிய கோயில், அரண்மனை, பொம்மைக் கடை எல்லாம் காட்டிவிட்டு ராத்திரி வீட்டில் இறக்குவதுதான் நான் அதிகம் ஓட்டிய சவாரி. காட்டுவது என்றால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி கையை நீட்டுவது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குப் போகுமுன் செருப்பை வேனுக்குள்ளேயே கழற்றிப் போட்டுவிடுவார்கள். செருப்பு வைக்க அங்கே தனி இடம் இருந்தாலும், "நம்ம வண்டி இருக்க சொல்ல, தெரியாதவன் கிட்ட எதுக்கு?" என்பார்கள். செருப்பு உள்ளே இருக்கிறவரை டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது எழுதாத சட்டம். வெயிலில் மூடிய வேன், உள்ளே ஊரார் செருப்பு. என்னைப் போல வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, உங்கள் மூக்கே சாட்சி சொல்லும்.

கேட்காமல் கொடுத்த வாக்கு

தொண்ணூற்று மூன்றில், மல்லாட்டைக் கடலை பிடுங்கி முடிந்த கையோடு, தட்சிணாமூர்த்தி சொந்தபந்தத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு என் வேனில் தஞ்சாவூர் வந்தார். நல்ல விவசாயி, தாராளமான மனுசன். இறங்கினதும் என் பக்கம் வந்து தோளில் கை வைத்தார். "டிரைவரே, நாங்க மொதல்ல பாத்துட்டு வந்துடறோம். அப்பால நான் வண்டியாண்ட குந்திக்கினு இருக்கேன். நீ போய் பொறுமையா பாத்துட்டு வா. இது என் வாக்கு" என்றார். நான் கேட்கவே இல்லை. கேட்டு வாங்கின வாக்காக இருந்தால், போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

குழாயில் முகம் கழுவி, திருநீறு பூசி, பையில் இருந்த சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து கோபுரத்தின் உச்சி தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து வியர்க்க விறுவிறுக்க வந்தவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். "எடு எடு ஜல்தி, அரண்மனைய சாத்திடப் போறான்" என்றார் தட்சிணாமூர்த்தி. "அண்ணே, நான் இன்னும் போவலியே" என்றேன். அவர் என் சலவைச் சட்டையை ஒரு தடவை பார்த்தார். பாவமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் சொன்னார்:

"கோயிலு எங்க ஓடிடப் போவுது டிரைவரே, ஆயிரம் வருசமா அங்கயேதான நின்னுக்கினு இருக்குது!"

மரக்காணத்து முடிச்சு

மீன்பிடித் தடைக் காலத்தில் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்து ஜனங்கள் டூர் வருவார்கள். அவர்களில் அஞ்சப்பன் என்று ஒருவர், வலை முடிச்சில் கெட்டிக்காரர். செருப்பு கலந்து போகக் கூடாதென்று எல்லார் செருப்பையும் ஜோடி ஜோடியாக நைலான் கயிற்றில் கோத்து, கருவாட்டுச் சரம் மாதிரி வேனுக்குள் குறுக்கே கட்டித் தொங்கவிட்டார். எனக்கும் சந்தோசம்தான். கால் வைக்க இடம் கிடைத்தது.

கோயிலை முடித்துவிட்டு எல்லாரும் வந்துவிட்டார்கள், அஞ்சப்பன் மட்டும் வரவில்லை. தலையாட்டி பொம்மைக் கடையில் அவரைக் கடைசியாகப் பார்த்தார்களாம். அவர் போட்ட முடிச்சை வேறு எவராலும் அவிழ்க்க முடியவில்லை. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் அத்தனை பேரும் கால் மாற்றி கால் மாற்றிக் குதிக்கிறார்கள். நான் கத்தியை எடுத்தேன். அஞ்சப்பன் பெண்சாதி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டது. "அய்யய்ய, வந்த எடத்துல கயித்த அறுத்தா கடல்ல வல அறுந்துடும், வாணாங்க" என்றது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை பேர் வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள். இதைவிட நல்ல காவல் ஏது? "அந்தாளு வர்றதுக்குள்ள நான் ஒரு நட கோயிலப் பாத்துட்டு வந்துடறேன்" என்றேன். அந்த அம்மா என்னைக் கீழிருந்து மேலே பார்த்தது.

"முடிச்சு போட்டவன் காணாப்பூட்டதே பேஜாரா கீது, வண்டி ஓட்டுறவனும் காணாப்பூட்டா நாங்க நீஞ்சியா ஊருக்குப் போறது?"

விழாத நிழல்

உள்ளே என்னதான் இருக்கிறது என்று என் வீட்டுக்காரி சகுந்தலா ஒவ்வொரு சவாரிக்கும் கேட்பாள். நான் வருகிறவர்களைக் கேட்டு வந்து சொல்வேன். நந்தி யானை அளவு என்பார் ஒருவர். எங்கள் வீட்டுப் போரை விடச் சின்னது என்பார் கிளியனூர்க்காரர் ஒருவர். அவர் வீட்டு வைக்கோல் போரை நான் பார்த்ததில்லை. இப்படியே என் மனசுக்குள் அந்தக் கோயில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

ஒரு தடவை பெருமுக்கல்லில் இருந்து வந்த ஒரு புருசன் பெண்சாதியைக் கேட்டேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "கோபுரத்தோட நெழலு தரையிலயே விழாதாங்க, அப்படி ஒரு அதிசயம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த புருசன்காரர் வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"நெழலு விழலன்னா, இவ்ளோ நேரம் நான் எதுலடி படுத்துத் தூங்கினேன்?"

சகுந்தலாவின் கேள்வி

பிறகு ஒரு வருசம் எங்கள் தெருப் பெண்களோடு சகுந்தலாவே வந்தாள். அவளும் செருப்பை வண்டியில்தான் விட்டாள். "என்னுது புதுசு, மேல வெயிங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் மற்றவர்களுக்கு முன்னாலேயே தனியாகத் திரும்பி வந்து, வேன் படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். "நான் பாத்துக்கிறேன். நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

மரக்காணத்து நாளில் என்றால் ஓடியிருப்பேன். இப்போது வீம்பு முற்றிவிட்டது. "உன்கிட்ட எனக்கு இன்னா பாக்கி? வாக்கு குடுத்தது கோலியனூரு ஆளு. அவரு வந்து இந்தப் படியில குந்தணும், நான் போவணும்" என்றேன். தனியாக பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரக் கூடாதா என்று நீங்களும் கேட்பீர்கள். பார்க்கலாம். பார்த்துவிட்டால் தட்சிணாமூர்த்தி தப்பித்துக்கொள்வாரே! சகுந்தலா எழுந்து அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு சாமி ஏன்டா வரலன்னு கேட்டா, செருப்பப் பாத்துக்க ஒருத்தரு வரணும்னு வாசல்லயே உக்காந்துக்கினு இருந்தேன்னு சொல்லுங்க, நல்லா இருக்கும்."

வாக்கு நிறைவேறிய நாள்

தட்சிணாமூர்த்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை வருசத்தில் அவர் வேறு வண்டி ஏறவில்லை. கேட்டால், "வேற வண்டியில போனா கடங்காரன் ஓடிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவியே" என்பார். மகள் கல்யாணத்துக்கும் என் வண்டிதான், பேரன் காது குத்துக்கும் என் வண்டிதான். கல்யாணப் பந்தியில் என் இலையில் அவர் கையாலேயே ரெண்டாவது ஜாங்கிரி வைத்தார். ஜாங்கிரியைத் தின்றேன், பாக்கியைத் தள்ளுபடி செய்யவில்லை.

எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு ஒரு தை மாதம், மறுபடி குடும்பத்தோடு தஞ்சாவூர் வந்தார். முட்டி தேய்ந்து போயிருந்தது. எல்லாரும் இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. "டிரைவரே, நான் குந்திக்கினேன். நீ போ" என்றார். முகம் கழுவினேன், திருநீறு பூசினேன். செருப்பைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

முதல் வாசலைத் தாண்டினேன். அடுத்த வாசலில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. அதற்கும் அடுத்த வாசலைத் தாண்டினால் நந்தி மண்டபம். நந்தி சாமியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. வருகிறவனுக்கு முதலில் தெரிவது அதன் முதுகும் வாலும்தான். இதை எவரும் எனக்குச் சொன்னதில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போகலாம் என்று ஒரு எட்டு வைத்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது.

"டிரைவரே, யாரோ பெரிய ஆளு வர்றாராம், வண்டிய எடுக்கச் சொல்லி போலீஸ்காரரு நிக்கிறாரு. எனக்கு மாட்டு வண்டிதான் ஓட்டத் தெரியும். ஓடியா!"

ஓடினேன். வெறுங்காலோடு, வந்த வாசலெல்லாம் தாண்டி ஓடினேன். வண்டியை எடுத்து, ஊரைச் சுற்றி, தூரமாக ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தி மூச்சு வாங்கினபோது அவருடைய ஜனங்கள் போன் மேல் போன் போட ஆரம்பித்துவிட்டார்கள், அரண்மனைக்குப் போக வேண்டுமாம். நான் திரும்பிப் பார்த்தேன். திட்டுவதற்கு வார்த்தை எல்லாம் தயாராக இருந்தது. தட்சிணாமூர்த்தி என் செருப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் மண். கண் கலங்கியிருந்தது.

"கோவப்படாத டிரைவரே, உன் செருப்ப மட்டும் ஒருத்தனையும் தொட உடல."

ஆக, நந்தியின் வால் வரைக்கும் கொடுத்துவிட்டார். முகமும் அதற்கு அப்பால் உள்ளதும் இன்றைக்கும் கோலியனூர் தட்சிணாமூர்த்தி எனக்குப் பாக்கி.