பகலில் காலியாகும் கவுன்டி

போன வசந்தத்தில், மாண்ட்ரியலில் நடந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் எனக்கு ஓர் அறை. ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் வேலை. ஒரு பகுதியின் மக்கள்தொகை, வருமானம் எல்லாவற்றையும் அலசி, அங்கே கடை போடலாமா என்று சொல்லும் சிறிய நிறுவனம். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அப்போது அமெரிக்காவின் கிராமப்புற கவுன்டி ஒன்று ஆய்வுக்கு வந்தது. கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. அங்கிருந்த ஒரே மளிகைக் கடையும் மூடிவிட்டதால், காய்கறிக்குக்கூட மலை தாண்டிப் போக வேண்டிய நிலை. ஒரு மளிகை நிறுவனம் அங்கே கிளை திறக்க யோசித்தது. எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு. டீம் லீடான சென்னை அக்கா முடிவுரையை எழுதியே விட்டார்: வேலைவாய்ப்பு இல்லை, கடை ஓடாது.

எனக்கு மூன்று விஷயங்கள் இடித்தன. பெரும்பாலும் சொந்த வீடுகள். பள்ளியில் பிள்ளைகள் குறையவில்லை. வீட்டுக்கு வீடு கார். வேலையே இல்லாத ஊரில் இதெல்லாம் எப்படி?

அன்று வீட்டிலிருந்து வேலை. மதியம் தயிர் வாங்க, கீழே யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரின் கடைக்குப் போனேன். ஈ, காக்கா இல்லை.

"என்ன அண்ணா, வியாபாரம் படுத்துடுச்சா?"

"கண் வைக்காதேங்கோ பிள்ளை! விடியவே சனமெல்லாம் டோர்வல் ஏர்போர்ட்டுக்கு வேலைக்குப் போட்டுது. ஆறு மணிக்கு வாங்கோ பாப்பம், நிக்க இடம் இராது."

சிரித்துக்கொண்டே படியேறியவள் பாதியில் நின்றுவிட்டேன். நாங்கள் எண்ணியது கவுன்டிக்குள் இருக்கும் வேலைகளை. அங்கே குடியிருப்பவர்கள் எங்கே போய்ச் சம்பாதிக்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை. ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்து அந்தக் கணக்கைத் தேடி எடுத்தேன். பெரும்பாலானவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் மருத்துவமனையிலும் இறைச்சித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் திரும்புகிறார்கள். சம்பளமும் அவர்களோடு ஊர் திரும்புகிறது!

உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு மீட்டிங்! இப்போ போய் முடிவை மாத்தச் சொல்றியா? தப்பாச்சுன்னா உன் வேலை போயிடும்மா."

"நானே பேசறேன் அக்கா. தப்பா இருந்தா என் பேர்லயே இருக்கட்டும்."

"சரி, பேசு. ஆனா உளறாதே."

மறுநாள் இரண்டு வரைபடங்களை அடுத்தடுத்துக் காட்டினேன். பகலில் கவுன்டி, மாலையில் கவுன்டி. மளிகை நிறுவனத்தார் குறுக்குக் கேள்விகளாகக் கேட்டார்கள். ஒன்றுக்கும் நான் தடுமாறவில்லை. கவுன்டி சார்பில் காணொளியில் சேர்ந்திருந்த பெரியவர் திடீரென்று தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். தன் மகளும் அந்த மருத்துவமனையில்தான் நர்ஸ், தினமும் மலையேறிப் போகிறாள் என்றார்.

இலையுதிர் காலத்தில் கடை திறந்தது. பெரியவர் அனுப்பிய படத்தில் மாலை வெயில், கார் நிறுத்த இடமில்லாத வாசல். அதைப் பிரிண்ட் எடுத்து என் மேஜைக்கு மேலே ஒட்டியவர் அக்காதான். அதற்குள் என் வேலையும் நிரந்தரமாகியிருந்தது.

இப்போதும் புதிதாக ஓர் ஊர் ஆய்வுக்கு வந்தால், அங்கே என்னவெல்லாம் இல்லை என்று பார்ப்பதற்கு முன், சாயங்காலம் அங்கே யாரெல்லாம் வீடு திரும்புகிறார்கள் என்றுதான் தேடுகிறேன்.