பேஸ்பால் அத்தையும் என் கணிப்பு நோட்டும்

எங்கள் வீட்டில் யாருமே பேஸ்பால் பார்த்ததில்லை. அதையே பிழைப்பாக வைத்திருந்த என் அத்தையும் பார்த்ததில்லை. அப்பாவின் தங்கை அவள். மந்தைவெளியில் எங்களோடுதான் இருந்தாள். அமெரிக்காவில் யார் எத்தனை பந்து எறிந்தார்கள், யார் எத்தனை அடித்தார்கள் என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை, பெருங்குடியில் ஒரு ஆபீஸில். அங்கே ராத்திரி நடக்கிற ஆட்டம் இங்கே காலையில் வந்து விழும். அதனால் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். ஆட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டால், எனக்கு நம்பர்தான் தெரியும், ஆட்டத்தைக் கண்டது யார் என்பாள்.

வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் மட்டும் அவள் வேலை மாறும். வரப்போகிற சீசனில் எந்த டீம் எந்த இடத்தில் முடிக்கும் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஆறு டீம் அவள் பொறுப்பு. எனக்கு அப்போது பத்து வயது. அந்த ஊர்ப் பேரெல்லாம் என் வாயில் நுழையவில்லை என்று நம்மூர்ப் பேராகச் சூட்டிவிட்டாள்: சாந்தோம், லஸ், மந்தைவெளி, அடையாறு, கிண்டி, பெருங்குடி. எப்போதும் கடைசியில் வருகிற டீம்தான் பெருங்குடி. தன் ஆபீஸ் மேல் அவளுக்கு அவ்வளவு பாசம்.

போன வருஷம் ஜெயித்த சாந்தோமை முதலில் போட வேண்டியதுதானே என்று நான் கேட்பேன். போன வருஷத்தைப் பார்க்காதே என்பாள். யாருக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன், யார் வேறு டீமுக்குக் கிளம்பப் போகிறார், யார் வாயைத் திறக்காமல் புழுங்கிக்கொண்டிருக்கிறார், அதையெல்லாம் பார்க்க வேண்டுமாம். சரிபார்த்த வரிக்கு நேரே பச்சைப் பேனாவால் ஒரு டிக் போட்டு, டிக்கின் வாலில் ஒரு புள்ளி வைப்பாள். என் வீட்டுப்பாடத்துக்கும் அதே டிக்தான். மூன்று வருஷம் அவள் கணிப்பு ஏறக்குறைய அப்படியே பலித்ததால், இரண்டு வருஷம் இங்கேயே வந்து வேலை செய் என்று அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டார்கள். ஆட்டத்தையும் நேரிலேயே பார்க்கலாம். அதைச் சொன்ன அன்று அத்தை மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். முப்பதை நெருங்கிய பெண் அப்படி ஏறி நான் பார்த்ததே இல்லை.

அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது. முதலில் கல்யாணம், அப்புறம் அவன் விட்டால் போகட்டும். பள்ளிக்கூட வாத்தியார் அவர். வீட்டிலும் மணி அடித்தால் அடித்ததுதான். அத்தை எதிர்த்துப் பேசவில்லை. அவள் எதற்குமே எதிர்த்துப் பேசி எனக்கு நினைவில்லை.

ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தில் எங்களவர்கள் நிச்சயதார்த்தமெல்லாம் வைக்க மாட்டார்கள். அதனால் அப்பா பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா டீ குடிக்க வருவதாக ஏற்பாடு. பிடித்துவிட்டால் ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் மூன்று வாரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, மே மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா ரிடையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் அந்தம்மா வகுப்புக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பாராம். அதை வாரம் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம்தான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். அத்தையின் முறைப்படியே, எங்கள் வீட்டுக்கு வரப்போகிற சீசனைக் கணித்து ஒரு நோட்டில் எழுதினேன். எழுதிய நோட்டை அத்தையின் மேஜை மேலேயே போட்டு வைத்திருந்தேன், பாராட்டுவாள் என்று.

ஞாயிறன்று வந்தார்கள். தவக்காலத்தில் கறி கூடாதே, கட்லெட்டுக்குப் பதில் மசால்வடை. என்ன படிக்கிறாய் என்று அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கேட்டார். டீத் தட்டோடு வந்த அத்தை, என்றைக்கும் இல்லாத கலகலப்போடு சொன்னாள்:

"நல்லா எழுதும் ஆன்ட்டி. ஏய், உன் கணிப்பு நோட்டை எடுத்துட்டு வந்து காட்டேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சொல்லிவைத்த மாதிரி, உரக்க ஆரம்பித்தார்.

"அப்பா: கத்துவது போன வருஷத்தைவிடக் கூடும். பி.பி. மாத்திரை இரண்டாகும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவைத்தார். என் அண்ணன் கணக்கில் அவுட் என்ற வரிக்கு இன்னும் பெரிய சிரிப்பு. அந்த வேகத்திலேயே அந்தம்மா அடுத்ததையும் படித்துவிட்டார்.

"அத்தை: அமெரிக்கா போய்விடும். கல்யாணத்தில் இஷ்டமில்லை. தினமும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறது."

மாப்பிள்ளை கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு, அத்தையைப் பார்த்து மெதுவாக, "நெஜமாங்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, பாவம். குழந்தை ஏதோ கிறுக்கியிருக்கிறது என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் டீத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போன கையோடு என் முதுகில் நாலு விழுந்தது. நோட்டு அப்பாவின் பீரோவுக்குள் போனது. மறுநாள் காலையில் அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். என்றும் இல்லாத அளவுக்கு நிதானமாக, கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்காமல். கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். மன்னிச்சிடு அத்தை என்றேன். பின்னிய ஜடையைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து பின்னினாள்.

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில், அத்தையின் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று சாமியாரிடம் சொல்லி அழுதேன். பத்து அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். நான் இருபதாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் அத்தை. நான் இருபதையும் முடித்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. பெரியவர்களுக்கு நிறையப் பாவம் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் எங்கள் கோயில் பங்கு முழுக்கப் பரவி, வேறு வரன் எதுவும் வரவில்லை. அப்பாவும் எத்தனை நாள் கத்துவார்? ஓய்ந்துபோனார். ஆகஸ்டில் அத்தை விமானம் ஏறினாள். அந்த வருஷம் ஆறு டீமில் நாலு டீமுக்கு அவள் கணிப்பு தப்பிப்போனது. என் நோட்டில் எழுதியது ஒன்றுகூடத் தப்பவில்லை, அண்ணனின் கணக்கு உட்பட. இரண்டு வருஷத்துக்கென்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது வீடியோவில் வரும்போதெல்லாம் என்னிடம் மட்டும் ஏதோ சொல்ல வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டு நிறுத்திக்கொள்வாள்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க பீரோவைக் காலி செய்தோம். நோட்டு கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதை யாரும் தொட்டதில்லை.

அப்பாவின் வரிக்கு நேரே பச்சை டிக், வாலில் புள்ளி. அண்ணனுக்கு ஒன்று. அத்தைக்கும் ஒன்று, அழுத்திப் போட்டது. அந்தம்மா படிக்காமல் விட்ட கடைசி வரி என்னுடையது: "நான்: அத்தை போனால் கடைசி இடம்."

அதற்கு நேரே டிக் இல்லை. பேனா முனையை அங்கே ஊன்றி ரொம்ப நேரம் எடுக்காமல் இருந்திருக்க வேண்டும். பச்சை மை ஊறி, அடுத்த பக்கத்துக்கும் இறங்கியிருந்தது.