அம்மாவின் பாறைப் புத்தகம்

சின்னசேலத்தை ஒட்டிய ஒரு ஜவ்வரிசி மில்லில் அம்மா மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த வருடங்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் எப்போதும் களைத்தே இருந்தோம். அப்பா கரும்பு வெட்டப் போனால் பத்து நாளைக்கு வரமாட்டார். அம்மா காலை ஏழு மணி வேனில் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்புவாள். கிழங்கின் பால் காய்ந்து முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு. பெரிதாக எதுவும் செய்யாமலேயே களைத்துப்போவது எனக்கும் பழகியிருந்தது.

பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள் என்று அம்மா என்னை நூலகத்தில் சேர்க்கக் கூட்டிப்போனாள். அவள் பெயரில் ஒரு அட்டை கொடுத்தார்கள். ஒரு அட்டைக்கு ஒரு புத்தகம். முதல் சில மாதங்கள் படக்கதைகளாக எடுத்தோம். நான் முடித்ததும் அம்மாவும் படிப்பாள். அவள் ஒன்பதாவதோடு நின்றவள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன தோன்றியதோ, கனத்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூமியும் பாறைகளும் எப்படி உண்டாயின என்று கல்லூரிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. படங்கள் குறைவு. இருந்தவையும் கற்களின் படங்கள்.

"இது உனக்குப் புரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"புரியாது. அதான் எடுத்தேன்."

இருந்தது ஒரே அட்டை; எனக்குப் புத்தகம் இல்லை. எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் காரணம் சொன்னாள். "கதைய படிச்சா மில்லுல ஒம்போது மணிக்குள்ள நெனச்சி முடிச்சிடறேன். அப்பால சாயந்தரம் வரைக்கும் மண்ட சும்மா கெடக்குது. கையி மட்டும் உரிச்சிக்கினே இருக்குது. இதுல ஒரு பக்கம் படிச்சா ஒரு நாளு தாங்கும்டி."

அப்படித்தான் படித்தாள். உலை கொதிக்கும் நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, வாய் அசைய ஒரே ஒரு பக்கம். மறுநாள் மில்லில் அதை மனசுக்குள் போட்டு அரைத்துவிட்டு வந்து, முகம் கழுவும்போதே ஆரம்பிப்பாள்.

"மண்ணு அழுந்தி அழுந்திக் கல்லாவுதாம். அந்தக் கல்லு பூமிக்குள்ள சூட்டுல வெந்து வேற கல்லாவுதாம். அப்ப மொத கல்லு இன்னா ஆச்சி? செத்துப்போச்சா, உள்ளயே இருக்குதா?"

"தெரியாதும்மா."

"எனக்குந்தான் தெரியல. நாளைக்கு யோசிக்கணும்" என்பாள். வடக்கே தெரியும் கல்வராயன் மலையை, யாரோ புதிதாகக் குடிவந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டிய நாள் வரும். அம்மா மறுபடி தேதி போட்டுக்கொண்டு வருவாள். மூன்று முறை அப்படி ஆயிற்று. என் வகுப்பில் மற்றவர்கள் பேய்க்கதை படித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் கல். இந்தக் கணக்கில் போனால் நான் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகும் அது தீராது.

அம்மா பல நாள் பக்கத்தைப் பாதி படித்தபடியே கதவில் சாய்ந்து தூங்கிவிடுவாள். அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட் மடியில் விழுந்து கிடக்கும். ஒருநாள் நானே அதை எடுத்து நாலு பக்கம் தள்ளி வைத்தேன். அவள் கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் மூன்று பக்கம். அதற்கடுத்த நாள் ஆறு.

இரண்டாவது வாரம் அம்மா படிப்பதை நிறுத்திவிட்டு முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதற்கும் முந்தினதைப் பார்த்தாள்.

"பாப்பா, இத நான் படிச்சேனா?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "நேத்து படிச்சியேம்மா" என்றேன்.

"ஒரு எழுத்துகூட ஞாபகம் இல்லியே."

மறுபடி அந்தப் பக்கத்தையே படித்தாள். பாதியில் தூங்கினாள். நான் டிக்கெட்டைத் தள்ளி வைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் அவள் கேட்பதும் நான் "படிச்சே, படிச்சே" என்பதும் வழக்கமாகிவிட்டது. மாலையில் முகம் கழுவும்போது பேசுவது நின்றுபோனது. ஒருநாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, தன்னிடமே சொல்லிக்கொள்வது போல, "படிச்சது தங்க மாட்டேங்குது. மண்ட மழுங்கிப் போச்சி" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டாள். நூலகர் அதைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"முடிச்சிட்டீங்களாம்மா? இத எடுத்துக்கினு போனதே நீங்க ஒருத்தர்தாங்க."

"இல்லீங்க. எனக்கு எட்டல" என்றாள் அம்மா. மேல் அட்டையில் மாவு ஒட்டியிருந்ததை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். "புள்ளைக்கு எதுனா எடுத்துக்கறோம்."

நான் பேய்க்கதை எடுத்தேன். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. "படி, கேக்கறேன்" என்றாள். நான் சத்தமாகப் படித்தேன். பேய் கிணற்றில் விழுந்த இடத்தில் சிரித்தாள். எனக்காகத்தான் சிரிக்கிறாள் என்பது அன்றைக்குத் தெரியவில்லை. இறங்கும் நேரத்தில் பார்த்தால் கண்ணைத் திறந்தபடி வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் தனக்கென்று ஒரு புத்தகமும் எடுக்கவில்லை. இத்தனை வருடமாகியும் அந்த டிக்கெட் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாளெல்லாம் உழைத்துவிட்டு வருகிற அம்மாவை அவ்வளவு பெரிய கஷ்டத்திலிருந்து நான்தான் விடுவித்தேன் என்று பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் அவளுக்கு முன்னால் குதித்துக்கொண்டே போனேன்.