இரவல் போன அடுப்பு

கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் எந்த ரேஷன் கார்டிலும் இல்லாத ஆட்களாகச் சில மாதங்கள் இருந்தோம். என் பெயரை அப்பா வீட்டுக் கார்டிலிருந்து அடித்துவிட்டார்கள். என் கணவரின் பெயரை நெமிலியில் மாமியார் வீட்டுக் கார்டிலிருந்து அடித்தார்கள். அடித்த அன்று அத்தை சும்மா இருக்கவில்லை.

"தனிக்குடித்தனம் போறீங்க, போங்க. கார்டு கெடைக்கலன்னா நேரா இங்க வந்துடுங்க. ரெண்டு பேரையும் என் கார்டுலயே ஏத்திக்கறேன்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆயுசுக்கும் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்தாலும் குடிப்பேன், அத்தை கார்டில் மட்டும் ஏற மாட்டேன் என்று அங்கேயே முடிவு கட்டினேன். அப்போதெல்லாம் எனக்கு வாயும் ஜாஸ்தி, ரோஷமும் ஜாஸ்தி. இப்போது ரோஷம் கொஞ்சம் கம்மி. வாய் அப்படியேதான் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி அது. ஆம்பூரில் அவருக்குத் தோல் பதனிடும் ஷாப் ஆபீசில் கணக்கெழுதும் வேலை, எனக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஒரு ரூமும் சின்ன சமையலறையும் கொண்ட வாடகை வீடு. பக்கத்து வீட்டில் வீட்டுக்கார அம்மா. தெருவே அவரை ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிடும், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

கார்டுக்கு மனு கொடுக்கப் போனபோது தாலுகா ஆபீஸ் கிளார்க் சொன்னார்: "இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து பாப்பாரும்மா. தனி அடுப்பு இருக்கணும். அடுப்பு எரியுதா, சமையல் நடக்குதான்னு பாத்துட்டுத்தான் எழுதுவாரு."

"எப்ப சார் வருவாரு?"

"வர்றப்ப வருவாரு."

அன்றிலிருந்து நான் அடுப்புக்கு அடிமையானேன். எங்களிடம் இருந்தது ஒரு பித்தளை பம்பு ஸ்டவ். என்னோடு வேலை செய்த டீச்சர்கள் எல்லாரும் சேர்ந்து கல்யாணத்துக்குக் கொடுத்தது, எங்கள் இரண்டு பேர் பெயரும் டேங்கில் வெட்டியிருக்கும். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் போதும், ஓடிப்போய் பம்பு அடித்துப் பற்ற வைப்பேன். ஒருநாள் புதிதாக வந்த போஸ்ட்மேனை இன்ஸ்பெக்டர் என்று நினைத்து, சமையலறை வரைக்கும் கூட்டிப்போய், "பாருங்க சார், நல்லா எரியுது" என்று காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "சந்தோஷம்மா" என்று சொல்லி கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். என் கணவர் ஒரு வாரம் சிரித்தார். கார்டு இல்லாததால் கிருஷ்ணாயிலை வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கார்டை வாங்குவதற்காக அதே கிருஷ்ணாயிலை நான் எரித்துத் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் ஆபா மகளுக்கு நிக்காஹ் வந்தது. முதல் நாள் சாயங்காலமே ஆபா வந்து கறாராகச் சொல்லிவிட்டார்.

"டீச்சர், நாளைக்கு உங்க வூட்ல அடுப்பு எரியக்கூடாது. காலைல டீயில இருந்து ராத்திரி சாப்பாடு வரைக்கும் நம்ம வூட்லதான். எரிஞ்சுதுன்னு தெரிஞ்சுது, நான் உங்ககூட பேசவே மாட்டேன்."

அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். கல்யாண வீட்டுக்குப் பக்கத்தில் அடுப்பு எரிந்தால் கல்யாண வீட்டுக்குக் குறைச்சல். அதோடு பாத்திரங்களும் போகும். எங்கள் குண்டான், தவலை, தட்டு எல்லாம் ராத்திரியே போய்விட்டன. விடிந்ததும் ஆபா மறுபடி வந்தார். பால் காய்ச்ச அங்கே அடுப்பு போதவில்லையாம். எங்கள் ஸ்டவ்வையும் தூக்கிக் கொடுத்தேன்.

மத்தியானம் பட்டுப்புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு பந்திக்குக் கிளம்பும்போது வாசலில் சைக்கிள் நின்றது. இந்த முறை நிஜமான இன்ஸ்பெக்டர். நேராகச் சமையலறைக்குப் போனார். அங்கே ஒரு மண்பானையும் ஒரு டம்ளரும்தான் இருந்தன.

"அடுப்பு எங்கம்மா?"

"கல்யாண வீட்டுக்குப் போயிருக்கு சார்."

"பாத்திரம்?"

"அதுவும் கல்யாணத்துக்குத்தான் சார்."

என் பட்டுப்புடவையை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களே கல்யாணத்துக்கு வந்தவங்க மாதிரி இருக்கீங்களே" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

வாயாடி என்று பெயரெடுத்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெமிலி வாசலில் அத்தை சிரித்துக்கொண்டு நிற்பது அப்படியே தெரிந்தது.

என்னைக் காணோமே என்று ஆபா தேடி வந்தார். இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவங்களுக்கு அடுப்பு இல்லியா? அப்ப காலைல இருந்து என் வூட்ல பால் எதுல காயுது? வாங்க சார், காட்றேன்!"

பந்தலுக்குப் பின்னால் எங்கள் ஸ்டவ் இரைச்சலாக எரிந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்தார். ஆவியில் மங்கிய கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டேங்கிலிருந்த பெயர்களைப் படித்தார். மனுவோடு ஒத்துப் பார்த்தார்.

"சரி, அடுப்பு இவங்களுதுதான். இவங்க வீட்ல எரியலியே?"

"நான்தான் எரியக்கூடாதுன்னு சொன்னேன். தனியா அடுப்பு இருக்கவேதான சார் அணைக்கச் சொன்னேன்? இல்லாத அடுப்ப யாராவது அணைக்கச் சொல்வாங்களா?"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கறாரான மனிதர். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிரியாணிக்கு உட்கார்ந்தார்.

கார்டு வந்தது. முதல் தடவை கடைக்குப் போனபோது சர்க்கரை கிடைத்தது, கிருஷ்ணாயில் லோடு வரவில்லை. அந்த வாரமே அத்தை எங்கள் வீட்டுக்கு முதல் முறையாக வந்தார். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி கார்டை மேஜைமேல் வைத்திருந்தேன். அத்தை அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஒயர்கூடையைக் கீழே வைத்தார். மேலே வேர்க்கடலை, அடியில் துணி சுற்றிய ஒரு டின்.

"கிருஷ்ணாயில். என் கார்டுல வாங்கறதுல கொஞ்சம் கொஞ்சமா உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன். வெறகு வெச்சே சமாளிச்சுட்டேன். நாத்தம் வருதுன்னு பஸ்ல கண்டக்டர் ஒரே பேஜார் பண்ணிட்டான்."

கார்டைக் காட்டி அத்தையை மடக்க வேண்டும் என்று அத்தனை மாதம் மனதுக்குள் வசனம் சேர்த்து வைத்திருந்தவள் நான். அழுகைதான் வந்தது. அதை மறைக்க டீ போடுகிறேன் என்று எழுந்தேன். அத்தை என்னை நகர்த்திவிட்டு ஸ்டவ்வில் எண்ணெயை ஊற்றி, அவரே பம்பு அடித்துப் பற்ற வைத்தார். டீயை இறக்கியதும் சர்க்கரையை நான் போட்டேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, சக்கர கம்மியா இருக்கு? அதான் கார்டு வந்துடுச்சே, நல்லா போடு!"