புயத்தின் உட்புறம்

என் மனைவி மறைந்து நாற்பது நாட்கள் ஆகின்றன. துக்கம் விசாரிக்க வந்த இருவர், மாணவப் பருவத்தில் நான் ஒரு கூலியாளின் உயிரைக் காத்த கதையை வியந்து பேசினார்கள். அதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவன் நான்தான். அது பொய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுவில் சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். திருமணமான ஆண்டின் தை விடுமுறைக்கு எங்கள் ஊரான கீழப்பழுவூருக்கு வந்திருந்தேன். ஒரு மாலை, படிப்பைக் காட்டிக்கொள்ளும் ஆசையில், அவள் கையில் இரத்தக் குழாய்களின் வழியை விரலால் வரைந்தேன். நீலமாகத் தெரிவது சிரை. மெல்லிய சுவர், உள்ளே இரத்தம் பின்வாங்காமல் தடுக்கும் வால்வுகள். தமனி ஆழத்தில் ஓடுவது. இதயத்தின் ஒவ்வொரு தள்ளலையும் தாங்க அதற்குத் தடித்த, நெகிழும் சுவர். புயத்தின் உட்புறத்தில் அது எலும்பை ஒட்டிச் செல்கிறது. அங்கே அழுத்தினால் மணிக்கட்டில் நாடி அடங்கும். அவள் என் கையிலேயே சோதித்துப் பார்த்தாள்.

"நின்னுடுச்சுங்க! நீங்க ரொம்பப் பேசினா இனிமே இங்க அமுக்கிட்டாப் போதும்."

இரண்டு நாள் கழித்து, அறுவடையில் ஒருவருக்கு அரிவாள் மணிக்கட்டில் ஆழமாக இறங்கிவிட்டது. எங்கள் களத்துக்குத் தூக்கிவந்தார்கள். இரத்தம் செக்கச்செவேலென்று விட்டுவிட்டுப் பீறிட்டது. தமனி என்று பார்த்த உடனே அறிந்தேன். கூட வந்தவர்கள் தலைத்துண்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். துண்டு நனைந்ததே தவிர இரத்தம் நிற்கவில்லை.

நான் பத்தடி தள்ளி நின்றேன். அவர் சேரியைச் சேர்ந்தவர். எங்கள் வீட்டில் அவர்களைத் தொடுவதில்லை.

"இங்கேயே நில்லு தம்பி," என்றார் அப்பா. "வாயால சொல்லு. அவனுவ செஞ்சுக்குவானுவ."

சொன்னேன். "முழங்கைக்கு மேல, உள்பக்கமா அமுக்குங்க."

"இங்கயா சாமி?" வெட்டுப்பட்டவரின் தம்பி வெளிப்புறத் தசையைப் பிசைந்தார்.

"அங்க இல்ல. இன்னும் உள்ள."

"எங்க சாமி? எங்க?"

வெட்டுப்பட்டவரின் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. என் கால்கள் நகரவில்லை. கொல்லைப் பக்கமிருந்து என் மனைவி என்னைக் கடந்து ஓடினாள். மண்டியிட்டு, தம்பியின் கையை விலக்கி, தன் கட்டைவிரலைப் பதித்தாள். பீறிடல் நின்றது. பின்பு தம்பியின் விரலை எடுத்துத் தன் விரலுக்கடியில் வைத்தாள்.

"துடிக்குது பாருங்க, இதான். ஆஸ்பத்திரி போற வரைக்கும் எடுக்காதீங்க."

வண்டி அரியலூருக்குப் போயிற்று. அவர் பிழைத்தார்.

என் அம்மா அவளை வீட்டுக்குள் விடவில்லை. "டாக்டருக்குப் படிக்கிறவனே எட்டி நிக்கிறான், இவளுக்கு என்ன வந்துச்சு?" கிணற்றடியில் அவள் தலையில் குடம் குடமாக நீர் ஊற்றப்பட்டது. ஈரப்புடவையோடு அவள் நடுங்கியதைப் பார்த்தேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கல்லூரி திரும்பியதும், அழுத்தியது என் விரல் என்று நண்பர்களிடம் சொன்னேன். பின்னாளில் வீட்டு விருந்தினரிடமும் சொன்னேன். அவள் காப்பி வைத்துவிட்டு உள்ளே போவாள். ஒரே ஒரு முறை, விருந்தினர் போனபின், தம்ளர்களை எடுத்தபடி கேட்டாள்:

"ஏங்க, வலது கைன்னு சொல்றீங்களே? வெட்டுப்பட்டது இடது கைங்க. எட்டி நின்னதால தெரியல போலிருக்கு."

அடுத்த முறை சொன்னபோது இடது கை என்றே சொன்னேன். விரலைத் திருத்தவில்லை.