அப்பம் கூடாது என்று அதில் எழுதவே இல்லை

இன்று கிளினிக்கில் கொடுத்த ரத்தக் கொதிப்புத் தாளை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். எழுபத்திரண்டு வயதில் முதல் முறை! கோயில் முதியோர் வகுப்புக்குப் போனது வீண் போகவில்லை.

இரண்டு வருடமாக ஒவ்வொரு முறையும் கொடுக்கும் இதே தாளை எனக்கு வாசித்துச் சொன்னவன் பக்கத்து வீட்டு ராமையா. அவனுக்கும் ரத்தக் கொதிப்புதான். "அப்பம் கூடவே கூடாதுன்னு போட்டிருக்குடா" என்பான். டத்தோ கிராமாட் சாலைக் கடையில் நான் வாங்கும் அப்பம் தினமும் அவன் தட்டுக்குப் போகும். நான் வெறும் தண்ணீர் குடிப்பேன்.

மூன்று முறை வாசித்தேன். அப்பம் என்ற சொல்லே இல்லை. உப்பைக் குறை, கருவாடு ஊறுகாய் வேண்டாம், சிகரெட்டை விடு, தினமும் அரை மணி நேரம் நட என்றுதான் இருந்தது. நடப்பதைத் தவிர எல்லாம் ராமையாவுக்கு உயிர்.

சண்டை போடவில்லை. நேராக அவன் வீட்டுக்குப் போய், அவன் மனைவி லெட்சுமிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அடுப்பில் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது.

"கருவாட்ட விட்டுட்டுப் படி லா!" என்று ராமையா பல்லைக் கடித்தான்.

"விட்டுட்டுப் படிக்க எனக்கு இன்னும் சொல்லித் தரலடா" என்றேன்.

லெட்சுமி அடுப்பை அணைத்தாள். "டாக்டர் எல்லாம் சாப்பிடலாம்னு சொன்னாருன்னீங்களே?" என்று அவன் பையிலிருந்த சிகரெட்டையும் பிடுங்கினாள். "அண்ணே, நடக்க நீங்களே இவர கூட்டிட்டுப் போங்க" என்றாள் என்னிடம்.

நாளை காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டுவேன்.

உங்களிடம் வேறு தாள் இருந்தால் அனுப்புங்கள். லெட்சுமி கேட்கத் தயாராக இருக்கிறாள்.